மூளைக்குள் வழி கண்ட டாக்டர்

கட்டியை வெட்டும் முன் மூளையையே கேட்டுத் தெரிந்துகொண்ட வைல்டர் பென்பீல்டின் வாழ்க்கை வரலாறு

மண்டை ஓட்டைத் திறந்து ஆபரேஷன் நடக்கிறது. மூளை வெளியே தெரிகிறது. ஆனால், நோயாளி தூங்கவில்லை! கண் விழித்திருக்கிறார். டாக்டர் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலும் சொல்கிறார்.

கேட்கவே உடல் நடுங்குகிறது அல்லவா?

இப்படிப்பட்ட ஆபரேஷன்களை நூற்றுக்கணக்கில் செய்தவர், டாக்டர் வைல்டர் பென்பீல்டு. கனடா நாட்டின் மான்ட்ரீல் நகரில் புகழ் பெற்று விளங்கியவர்.

நோயாளியை அவர் விழித்திருக்க வைத்ததற்குக் காரணம் உண்டு.

மூளைக் கட்டி பல நேரங்களில் நல்ல மூளையோடு ஒட்டிக் கலந்து வளரும். கட்டி எங்கே முடிகிறது, நல்ல மூளை எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கத்தி கொஞ்சம் தள்ளிப்போனாலும் கை விழுந்து விடலாம். பேச்சு நின்று விடலாம். உயிர் பிழைத்த நோயாளி, பெற்ற பிள்ளையின் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் போகலாம்.

ஆகவே வெட்டுவதற்கு முன், இது எதற்கான இடம் என்று மூளையிடமே கேட்டுவிட வேண்டும். இந்த வழியை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர் பென்பீல்டு.

தாயின் ஆசை

பென்பீல்டு, 1891-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அமெரிக்காவில் ஸ்போகேன் என்ற ஊரில் பிறந்தார். தந்தையும் டாக்டர்தான். ஆனால் அவருக்குத் தொழில் சரியாக நடக்கவில்லை. குடும்பம் சிரமத்துக்கு உள்ளானது.

பென்பீல்டுக்கு 8 வயது ஆனபோது, தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தன் பெற்றோர் வாழ்ந்த ஹட்சன் என்ற சிற்றூருக்குச் சென்றுவிட்டார்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படிக்க ரோட்ஸ் உதவிச் சம்பளம் என்று ஒன்று உண்டு. படிப்பிலும் விளையாட்டிலும் சிறந்த வாலிபர்களுக்குத்தான் அது அந்தக் காலத்தில் கிடைத்தது. தன் மகன் அதைப் பெற வேண்டும் என்று தாயார் ஆசைப்பட்டார். மகனும் அதையே குறியாக வைத்துக்கொண்டார்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படித்தார். கால்பந்தும் ஆடினார். 1913-ம் ஆண்டு பட்டம் பெற்றார். பிறகு, தாயார் விரும்பியபடியே உதவிச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டு சென்றார்.

அங்கே அவருக்கு இரண்டு பெரிய ஆசிரியர்கள் கிடைத்தார்கள். ஒருவர், உலகப் புகழ் பெற்ற டாக்டர் வில்லியம் ஆஸ்லர். மற்றவர், நரம்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஆராய்ந்த சார்லஸ் செரிங்டன். இவர் பிற்காலத்தில், 1932-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். குரங்குகளின் மூளை மீது மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று படம் வரைந்தவர் செரிங்டன்.

மூளையை மனிதன் இதுவரை கால் வைக்காத நாடு போலவே பென்பீல்டு கண்டார். அந்த நாட்டுக்குள் போக வேண்டும் என்ற ஆசை அப்போது பிறந்தது.

கப்பலைத் தாக்கிய குண்டு

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1916-ம் ஆண்டு மார்ச் மாதம், பிரான்சில் உள்ள செஞ்சிலுவைச் சங்க ஆஸ்பத்திரியில் சேவை செய்யப் பென்பீல்டு புறப்பட்டார். சசெக்ஸ் என்ற பயணிக் கப்பலில் ஏறினார்.

நடுக்கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் குண்டு வீசியது. சசெக்சின் முன்பகுதி சிதறியது. பலர் மாண்டார்கள். பென்பீல்டு தூக்கி எறியப்பட்டார். காலில் பலத்த காயம். ஆனாலும் உயிர் பிழைத்தார்.

ஆஸ்லர் தம் வீட்டிலேயே அவரை வைத்துக் குணப்படுத்தினார். டாக்டர் என்பவர் நோயாளியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, நோயாளியாகக் கிடந்தே பென்பீல்டு கற்றுக்கொண்டார்.

1917-ம் ஆண்டு ஹெலன் என்ற பெண்ணை மணந்தார். 1918-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரில், மூளை ஆபரேஷனின் தந்தை என்று போற்றப்படும் ஹார்வி குஷிங் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றார். 1921-ல் நியூயார்க்கில் டாக்டராக அமர்ந்தார்.

வேலை கிடைத்துவிட்டது என்று அவர் படிப்பை நிறுத்திவிடவில்லை. 1924-ல் ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகருக்குச் சென்றார். மூளைத் திசுக்களுக்கு வெள்ளி உப்பு கொண்டு சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்கும் முறையைக் கற்றார்.

ஜெர்மனியில் கற்ற வித்தை

1928-ம் ஆண்டு மனைவி மக்களுடன் பிரெஸ்லோ நகருக்குப் போனார். அப்போது அது ஜெர்மனியில் இருந்தது. இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. அங்கே இருந்த டாக்டர் ஓட்பிரிட் போர்ஸ்டர், போரில் தலையில் குண்டு பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்துவந்தார்.

குண்டு பட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அவர்களுக்கு வலிப்பு வந்தது. மூளையில் இருந்த தழும்புதான் காரணம். அந்தத் தழும்பை வெட்டி எடுத்தால் வலிப்பு நின்றது.

போர்ஸ்டர் நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்கமாட்டார். தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்வார்.

அப்படியானால் மூளையைத் தொடும்போது வலிக்காதா?

வலிக்காது! உடம்பில் எங்கே அடிபட்டாலும் வலியை உணர்வது மூளை. ஆனால் அந்த மூளைக்குத் தன் வலியை உணரும் சக்தி கிடையாது. தலைத்தோலுக்கும், மூளையை மூடியிருக்கும் உறைக்கும்தான் வலி உண்டு. இந்த உண்மைதான் போர்ஸ்டரின் முறைக்கு அடிப்படை. குஷிங்கும் 1909-ம் ஆண்டிலேயே, விழித்திருந்த நோயாளிகளின் மூளையில் மின்சாரம் செலுத்திப் பார்த்திருந்தார்.

இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு, அதே ஆண்டில் பென்பீல்டு கனடாவுக்குச் சென்றார். மான்ட்ரீலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகமும் ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரியும் அவரை வரவேற்றன. நண்பர் வில்லியம் கோன் என்ற டாக்டரும் கூடவே வந்தார்.

அக்காளுக்கு ஆபரேஷன்

மான்ட்ரீலுக்கு வந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை. பெரிய சோதனை ஒன்று காத்திருந்தது.

பென்பீல்டுக்கு ரூத் என்று ஓர் அக்காள். வயது 43. ஆறு பிள்ளைகளுக்குத் தாய். இளம் வயதில் இருந்தே அவருக்கு வலிப்பு வருவது உண்டு. இப்போது அது முற்றியது. தலைவலி வாட்டியது. சோதித்துப் பார்த்ததில், மூளையின் வலது முன்பகுதியில் பெரிய கட்டி இருப்பது தெரிந்தது.

சொந்த அக்காளின் தலையில் தம்பியே கத்தி வைப்பதா? கை நடுங்கினால் என்ன ஆகும்?

பென்பீல்டு துணிந்தார். 1928-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆபரேஷன் நடந்தது. தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். ரூத் விழித்திருந்தார். தம்பியுடன் பேசிக்கொண்டே இருந்தார்.

கட்டி நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. மூளையின் வலது முன்பகுதியில் பெரும் பாகத்தை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ரத்தம் நிறையப் போயிற்று. அப்படியும் கட்டியின் வேர் உள்ளே ஆழத்தில் ஓடியிருந்தது. முழுவதையும் எடுக்க முடியவில்லை. மேலும் வெட்டினால் உயிருக்கே ஆபத்து. பென்பீல்டு கத்தியைக் கீழே வைத்தார்.

ரூத் பிழைத்துக்கொண்டார். கை கால் விழவில்லை. பேச்சு போகவில்லை. பிள்ளைகளிடம் திரும்பினார். வீட்டைக் கவனித்தார். எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

ஆனால், தம்பியின் கண்ணில் ஒன்று பட்டது.

ஒரு வருடம் கழிந்தபின், ரூத் ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்தார். பெரிய விருந்து அல்ல. விருந்தாளி ஒருவர், வீட்டார் நான்கு பேர், அவ்வளவுதான். முன்பெல்லாம் இது அவருக்கு விளையாட்டுப் போன்றது. அன்று பகல் முழுவதும் சமையல் அறையில் இருந்தார். பொருள்கள் எல்லாம் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றிரண்டு பண்டங்கள் அடுப்பில் இருந்தன. ஆனால், சாப்பிடும் நேரம் வந்தபோது சமையல் முடியவில்லை. இறைச்சியை அடுப்பில் ஏற்றவே இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று புரியாமல் ரூத் தவித்துப்போய் நின்றார்.

யாராவது பக்கத்தில் இருந்து எடுத்துச் சொன்னால் எல்லாவற்றையும் செய்தார். தானே திட்டம் போட்டுச் செய்யும் சக்திதான் குறைந்து போயிருந்தது. மூளையின் முன்பகுதிக்கு என்ன வேலை என்பதை அந்தச் சமையல் அறை பென்பீல்டுக்குக் காட்டியது.

கட்டி மீண்டும் வளர்ந்தது. 1931-ம் ஆண்டு ரூத் இறந்தார்.

தம் அக்காளைப் பற்றி அறிந்ததைப் பென்பீல்டு மறைக்கவில்லை. பெயரைச் சொல்லாமல், மருத்துவர்களுக்கான கட்டுரையில் 1935-ல் எழுதினார். வெட்டி எடுப்பதற்கு முன் அந்த இடத்தின் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது.

மூளைக்கு ஒரு கோட்டை

தனி ஒரு டாக்டரால் இதைச் சாதிக்க முடியாது. கத்தி பிடிப்பவர், நரம்பு நோயைக் கண்டறிபவர், திசுவை ஆராய்பவர், மின்சாரத்தை அளப்பவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய வேண்டும். இதுவே பென்பீல்டின் கனவு.

அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிலையம் 12 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை கொடுத்தது. கியூபெக் மாகாண அரசும் மான்ட்ரீல் நகரசபையும் உதவின. 1934-ம் ஆண்டு மான்ட்ரீல் நரம்பியல் நிலையம் திறக்கப்பட்டது. பென்பீல்டு அதன் தலைவர் ஆனார். 1960-ம் ஆண்டு வரை அந்தப் பதவியில் இருந்தார்.

நம்பர் ஒட்டிய மூளை

அங்கே ஆபரேஷன் எப்படி நடந்தது?

நோயாளி ஒருக்களித்துப் படுத்திருப்பார். தலைக்கும் முகத்துக்கும் நடுவே துணி மறைப்பு இருக்கும். ஒருபுறம் டாக்டர், மறுபுறம் நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் நோயாளிக்குத் தைரியம் சொல்பவர்.

டாக்டரின் கையில் மெல்லிய மின்கம்பி. அதில் மிகக் குறைந்த அளவு மின்சாரம் வரும். மூளையில் ஓர் இடத்தைத் தொடுவார். நோயாளியின் கட்டைவிரல் தானாக அசையும்! தான் அசைக்கவில்லை என்று நோயாளி சொல்வார். பக்கத்து இடத்தைத் தொட்டால், உதடு மரத்தது போல இருப்பதாகச் சொல்வார். இடது பக்க மூளையைத் தொட்டால் வலது கை அசையும். வலது பக்க மூளையைத் தொட்டால் இடது கை அசையும்.

பதில் கிடைத்த ஒவ்வோர் இடத்திலும் நம்பர் போட்ட சிறு காகிதத் துண்டை வைப்பார்கள். எந்த நம்பருக்கு என்ன பதில் என்று குறித்துக்கொள்வார்கள். மேலே இருந்து புகைப்படமும் எடுப்பார்கள். அதன் பிறகே கத்தி வேலை செய்யும். கை அசைந்த இடத்தையும் பேச்சு நின்ற இடத்தையும் விட்டு விலகி அது செல்லும்.

நோயாளி பயத்தினாலோ, டாக்டரை மகிழ்விக்கவோ எதையாவது சொல்லிவிட்டால்? அதற்கும் பென்பீல்டு ஒரு வழி வைத்திருந்தார். சில சமயம் மின்சாரம் கொடுக்காமலே, கொடுத்ததாகச் சொல்லுவார். அப்போது நோயாளி ஒன்றும் தெரியவில்லை என்றால், முன்னே சொன்னவை உண்மை!

இப்படிப் பல ஆண்டுகள் சேர்த்த குறிப்புகளைக் கொண்டு, எட்வின் போல்ட்ரி என்ற டாக்டருடன் சேர்ந்து 1937-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூளையின் மேற்பரப்பில் எந்த உறுப்புக்கு எவ்வளவு இடம் என்று காட்டும் மனித உருவம் அதில் இருந்தது. விசித்திரமான உருவம்! கையும் கட்டைவிரலும் உதடும் மிகப் பெரியவை. முதுகும் தொடையும் மிகச் சிறியவை. நுட்பமான வேலை செய்யும் உறுப்புக்கு மூளை அதிக இடம் கொடுக்கிறது என்பதே அதன் பொருள். மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள்.

வண்ணத்துப்பூச்சிக்குப் பெயர் இல்லை

பேச்சுக்கான இடத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அங்கே மின்சாரம் பட்டால் பேச்சு வராது, நின்றுதான் போகும்.

ஆகவே நோயாளிக்கு ஒவ்வொரு படமாகக் காட்டிப் பெயர் கேட்டார்கள். ஒருவருக்கு வண்ணத்துப்பூச்சிப் படம் காட்டப்பட்டது. அந்த நேரத்தில் மின்கம்பி மூளையைத் தொட்டது. நோயாளிக்குப் பெயர் வாயில் வரவில்லை. எரிச்சலோடு விரலைச் சொடுக்கினார். கம்பியை எடுத்ததும் பெயரைச் சொல்லிவிட்டார். அந்தப் பெயர் கிடைக்காததால் விட்டில்பூச்சி என்றாவது சொல்லப் பார்த்ததாகவும், அதுவும் வரவில்லை என்றும் விளக்கினார்.

படம் என்ன என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. சொல் மட்டும் பூட்டிக்கொண்டது. அந்த இடத்தை வெட்டினால் அந்தப் பூட்டு திறக்காமலே போகக்கூடும். டாக்டர் அதை விட்டு விலகினார்.

காதுக்கு மேலே உள்ள மூளைப் பகுதியைத் தொட்டபோது இன்னோர் அதிசயம் நடந்தது. சிலருக்குப் பாட்டுக் கேட்டது. சிலருக்குப் பழைய காட்சிகள் தோன்றின. எல்லோருக்கும் அல்ல, அந்தப் பகுதியில் சோதித்த 520 பேரில் 40 பேருக்கு மட்டுமே. நடந்தது எல்லாம் மூளையில் அப்படியே பதிந்திருக்கிறது என்று பென்பீல்டு நம்பினார். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவற்றில் சில, கனவைப் போன்ற கலவையாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

மின்சாரத்துக்குக் காவலாளி

மூளை தன் வேலையைச் செய்யும்போது நுண்ணிய மின்சாரத்தை உண்டாக்குகிறது. அதை அளந்து காகிதத்தில் கோடுகளாக வரையும் வித்தை தெரிந்தவர் ஹெர்பர்ட் ஜாஸ்பர் என்ற விஞ்ஞானி. 1930-ம் ஆண்டுகளின் கடைசியில் அவர் பென்பீல்டுடன் சேர்ந்தார்.

ஆபரேஷன் நடக்கும்போதே மூளையின் மேல் மின்முனைகளை வைத்து ஜாஸ்பர் கோடுகளைக் கவனித்தார். வலிப்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் கோடுகள் காட்டின. நோயாளியின் வாய் ஒரு சாட்சி. மின்சாரக் கோடு இன்னொரு சாட்சி. இரண்டையும் கேட்டுவிட்டே பென்பீல்டு தீர்ப்பு எழுதினார்.

கேட்கத் தவறிய கேள்வி

அவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் ஒரு தவறு நேர்ந்தது.

1950-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில், வலிப்பு நோயாளிகள் இருவருக்கு மூளையின் இடது பக்கத்தில் ஒரு பகுதியைப் பென்பீல்டு வெட்டி எடுத்தார். கை கால் நன்றாக இருந்தது. பேச்சும் இருந்தது. ஆனால் ஞாபகசக்தி போய்விட்டது! பழையவை நினைவில் இருந்தன. புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை.

மனோதத்துவ அறிஞர் பிரெண்டா மில்னர் அவர்களைச் சோதித்தார். இருவருக்கும் மறுபக்க மூளையும் முன்பே பழுதாகி இருக்க வேண்டும் என்று அவரும் பென்பீல்டும் முடிவு செய்தார்கள். ஒரு பக்கத்தை எடுத்ததும் இரண்டு பக்கமும் போய்விட்டது. அவர்களில் ஒருவர் சில ஆண்டுகளுக்குப் பின் வேறு நோயால் இறந்தபோது, மூளையைப் பரிசோதித்தார்கள். முடிவு சரி என்பது தெரிந்தது.

இந்தத் தோல்வியையும் பென்பீல்டு உலகத்துக்குச் சொன்னார். அதன்பிறகு, ஆபரேஷனுக்கு முன்பே ஒரு பக்க மூளையை மருந்தால் சில நிமிடம் தூங்க வைத்து, மறுபக்கத்தின் பேச்சையும் ஞாபகத்தையும் சோதிக்கும் முறை அங்கே வழக்கத்துக்கு வந்தது. ரூத்தின் சமையல் அறை காட்டிய பாடமும் இதுவே: மேஜையில் எதைச் சோதிக்கிறோமோ அதைத்தான் காப்பாற்ற முடியும்.

வேலூருக்கு வந்த வித்தை

பென்பீல்டின் நிலையத்தில் பயிற்சி பெற்ற டாக்டர்கள் பல நாடுகளுக்குப் பரவினார்கள். அவர்களில் ஒருவர், டாக்டர் ஜேக்கப் சாண்டி. இவர் 1949-ம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, நரம்பு அறுவைச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய பிரிவு அதுவே முதலாவது.

இன்றைய ஆபரேஷன் அறை

பென்பீல்டு 1953-ம் ஆண்டு இங்கிலாந்து ராணியிடம் ஆர்டர் ஆப் மெரிட் என்ற மிக உயர்ந்த விருதைப் பெற்றார். ஓய்வு பெற்ற பின்னும் சும்மா இருக்கவில்லை. நூல்கள் எழுதினார். கிரேக்க மருத்துவ மேதை ஹிப்போகிரட்டீசை வைத்து நாவலும் எழுதினார். 1976-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி, 85-வது வயதில் மான்ட்ரீலில் காலமானார். அந்த நகரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருக்குப் பின் கருவிகள் பெருகிவிட்டன. இப்போது முழு மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் நரம்புகளையும் கேள்வி கேட்க முடியும். கை, கால், முகத் தசைகளில் மெல்லிய ஊசிகளைச் செருகி வைக்கிறார்கள். மூளையில் மின்துடிப்பைக் கொடுத்தால், அது நரம்பு வழியாக ஓடித் தசையை வந்து சேருகிறதா என்பது திரையில் தெரிகிறது. துடிப்பு குறைந்தால், திரையைக் கவனிப்பவர் உடனே எச்சரிக்கிறார். டாக்டர் கையை நிறுத்துகிறார்.

காது நரம்பில் வளரும் கட்டியை எடுக்கும்போது, பக்கத்திலேயே முக நரம்பு ஓடுகிறது. கட்டியோடு ஒட்டி, நூல்போல மெலிந்து கிடக்கும். அது அறுந்தால் முகம் கோணிவிடும். கண்ணை மூட முடியாது. மின்முனையால் தொட்டுப் பார்த்தால், முகத் தசை துடித்து நரம்பு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால், பேச்சைக் காக்க வேண்டிய இடத்தில் கட்டி இருந்தால், டாக்டர்கள் இன்றும் நோயாளியை எழுப்பிப் படம் காட்டிப் பெயர் கேட்கிறார்கள். பென்பீல்டு செய்தது போலவே!

அவரால் தம் அக்காளைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அதே நோயோடு ஆபரேஷன் மேஜையில் படுத்த எத்தனையோ தாய்மார்கள், எழுந்து வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.